இரண்டு கேஸ்கட்டுகளுக்கு நடுவில் ஓர் இரும்புத் தகடு

பழைய பிக்கப் வண்டி வைத்திருப்பவர் ஏதோ ஒரு பாகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு யாரிடம் உதவி கேட்டுப் போனாலும், முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: எந்த வருடத்து வண்டி? கேட்பவர் கடைக்காரராக இருக்கலாம், மெக்கானிக்காக இருக்கலாம், அதே ரக வண்டியைத் தன் கொட்டகையில் நிறுத்தி வைத்திருக்கும் அண்டை வீட்டுக்காரராகவும் இருக்கலாம். எல்லோரும் நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். கேள்வியும் நியாயமானதாகவே படுகிறது. ஆனால் என்னிடம் இருக்கும் செவ்ரோலெட் 3100 வண்டியைப் பொறுத்தவரை, இந்தக் கேள்விக்கு உண்மையான பதிலைச் சொல்லி வாங்கிய பாகங்கள் பலமுறை பொருந்தாமல் போயிருக்கின்றன. உண்மையான பதிலைச் சொல்லியும் தவறான பாகம் ஏன் கைக்கு வருகிறது என்பது நெடுநாள் என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. அதற்கு விடை ஓர் இரும்புத் தகட்டின் வழியாகக் கிடைத்தது.

வண்டியின் வருடத்தில் ஐயம் ஏதுமில்லை. உரிமைப் பத்திரத்தில் 1951 என்று இருக்கிறது. ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் பொருத்தியிருக்கும் சிறு தகட்டில் வரிசை எண் 14 என்று தொடங்கி, ஜே, பி (J, P) என்ற எழுத்துகளோடு நீள்கிறது. அந்நாளைய செவ்ரோலெட் குறிமுறையில் 14 என்பது பால்டிமோர் ஆலையையும், ஜே என்பது 1951-ஐயும், பி என்பது அரை டன் வண்டியையும் குறிக்கும். நான் வசிக்கும் பென்சில்வேனியாவுக்குப் பால்டிமோர் பக்கத்து மாநிலத்து ஊர்தான். ஆக, பத்திரமும் தகடும் ஒன்றுக்கொன்று முரண்படவில்லை. வண்டியின் பிற பகுதிகளைத்தான் அப்படிச் சொல்ல முடியாது.

வெளித்தோற்றத்தில் ஒன்று, உள்ளே பல

‘அட்வான்ஸ் டிசைன்’ என்று பெயர் சூட்டி 1947 கோடையில் செவ்ரோலெட் வெளியிட்ட இந்த வரிசை, 1955-ன் தொடக்கம் வரை தொடர்ந்தது. தெருவில் போகும்போது பார்ப்பவருக்கு 1948 வண்டியும் 1953 வண்டியும் ஒன்றுபோலவே தோன்றும்: ஐந்து கிடைக்கம்பிகள் கொண்ட முன்புறச் சட்டம், இரண்டு துண்டாகப் பிரிந்த முன்கண்ணாடி, உருண்டு திரண்ட மட்கார்டுகள். 1954-ல்தான் முன்கண்ணாடி ஒரே துண்டானது, முன்புறச் சட்டத்தின் வடிவமும் மாறியது. ஆனால் உள்ளுக்குள் ஏறக்குறைய ஆண்டுதோறும் ஏதாவது மாறிக்கொண்டே வந்திருக்கிறது. நெம்புகோல் வகை ஷாக் அப்சார்பர் போய் 1950-ல் குழாய் வகை வந்தது. 1951-ல் கதவுக் கண்ணாடியின் முன்பக்கம் முக்கோண வென்ட் கண்ணாடி சேர்ந்தது. அதே ஆண்டில் அரை டன் வண்டியின் ஹக் வகை பிரேக் நீங்கி பெண்டிக்ஸ் வகை பிரேக் வந்தது. கீழே திருப்பித் திறக்கும் கதவுக் கைப்பிடி 1952-ல் அழுத்தித் திறக்கும் பொத்தானாக மாறியது.

இந்த மாற்றங்கள் பலவற்றைச் செய்தபோதும் போல்ட் துளைகளின் இடத்தை செவ்ரோலெட் பொறியாளர்கள் பெரும்பாலும் மாற்றவில்லை. அதனால் ஓர் ஆண்டின் கதவு இன்னோர் ஆண்டின் கீலில் தடையில்லாமல் உட்காரும். ஓர் ஆண்டின் பின் ஆக்ஸில் இன்னோர் ஆண்டின் அடிச்சட்டத்தில் ஏறிவிடும். இந்த வண்டிகள் பண்ணைகளிலும் செங்கல் சூளைகளிலும் பால் பண்ணைகளிலும் உழைத்தவை. ஒரு பக்கத்துக் கதவு நசுங்கினால் பழைய இரும்புக் கிடங்கிலிருந்து பொருந்துகிற கதவு ஒன்று வரும்; அது எந்த ஆண்டுக் கதவு என்று பார்க்க அங்கே யாருக்கும் நேரம் இருந்ததில்லை, பார்க்கவேண்டிய அவசியமும் இருந்ததில்லை. என் வண்டியின் வலப்பக்கக் கதவில் வென்ட் கண்ணாடி இருக்கிறது. இடப்பக்கக் கதவில் இல்லை. நிழற்படத்தில் பார்ப்பவர்கள்கூட இதைக் கவனிப்பதில்லை, ஆனால் இடப்பக்கக் கதவுக்குக் கண்ணாடி ரப்பர் வாங்கும்போது 1951 என்று சொன்னால் அது உதவாது.

பிரேக்கிலும் இதேதான். முன்சக்கரங்களின் டிரம்மைக் கழற்றினால் 1951-க்கு உரிய பெண்டிக்ஸ் அமைப்பு இருக்கிறது: மேலே ஒற்றை ஆங்கர் பின், கீழே இரண்டு பிரேக் ஷூக்களுக்கும் நடுவே நட்சத்திரப் பல் கொண்ட அட்ஜஸ்டர். பின்சக்கரத்தைத் திறந்தால் காட்சி தலைகீழாகிறது. ஷூக்கள் கீழ்ப்புறத்தில் நிலைகொண்டிருக்கின்றன. அட்ஜஸ்ட் செய்யும் பற்கள் வீல் சிலிண்டரின் இரு முனைகளிலுமே இருக்கின்றன. அது ஹக் பிரேக். பின் ஆக்ஸில் முழுவதும் 1950 அல்லது அதற்கு முந்தைய வண்டி ஒன்றிலிருந்து எப்போதோ வந்து சேர்ந்திருக்கிறது. 1951-க்கு என்று கடையில் கேட்டு வாங்கிய ஷூ பின்சக்கரத்தில் ஏற மறுத்ததற்கு அதுவே காரணம். கடைக்காரர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவருக்கு முன்னால் இருக்கும் கம்ப்யூட்டர் திரை, வருடம், கம்பெனி, மாடல் என்ற மூன்று கட்டங்களையும் நிரப்பாமல் அடுத்த பக்கத்தைக் காட்டாது. வண்டியைக் கேட்கவே அந்தத் திரை அமைக்கப்பட்டிருக்கிறது. ஆக்ஸிலைக் கேட்க அதில் இடமில்லை.

தகடு

கதவும் பிரேக்கும் எளிய விஷயங்கள். இரண்டு ஆண்டுகளின் படங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் புரிந்துவிடும். என்னைத் திணறடித்தது வாட்டர் பம்ப். பம்பின் அச்சுப் பக்கத்தில் தண்ணீர் கசியத் தொடங்கியதும் அதைக் கழற்றினேன். பம்புக்கும் இன்ஜினின் உடலான பிளாக்குக்கும் நடுவே விரல் தடிமனில் ஓர் இரும்புத் தகடு இருந்தது. அதன் இரு முகங்களிலும், கசிவைத் தடுக்க நடுவில் வைக்கும் காகித அடைப்பான கேஸ்கட்டின் எச்சம் ஒட்டியிருந்தது. நடுவில் தண்ணீர் போக ஒரு திறப்பு. சுற்றிலும் போல்ட் துளைகள். அந்தத் துளைகளில் ஒரு தொகுதி நேராகத் துளைக்கப்பட்டு மரை வெட்டப்பட்டிருந்தது. இன்னொரு தொகுதியில் போல்ட்டின் தலை தகட்டுக்குள் அமிழும்படி குழிவு எடுக்கப்பட்டிருந்தது. எண் எதுவும் இல்லை. எழுத்து எதுவும் இல்லை.

செவ்ரோலெட் வெளியிட்ட லாரி உதிரி பாகப் பட்டியலில் குளிரூட்டும் அமைப்புக்கான பகுதியை வரி வரியாகப் பார்த்தேன். பம்ப் இருக்கிறது, பம்பின் அச்சு இருக்கிறது, கேஸ்கட் இருக்கிறது, சிறு வாஷர்கூட இருக்கிறது, தகடு இல்லை. தெரிந்தவர்களிடம் காட்டியபோது ஒவ்வொருவரும் முதலில் வருடத்தைக் கேட்டார்கள். 1951 என்றதும், 1951-ல் அப்படியொரு தகடு கிடையாது என்று உறுதியாகச் சொன்னார்கள். அவர்கள் சொன்னது முற்றிலும் உண்மை. அந்த உண்மையால் எனக்குப் பயன் ஏதும் விளையவில்லை, ஏனென்றால் தகடு என் மேசையின் மேல் இருந்தது.

ஹெர்ஷி நகரில் ஒவ்வோர் அக்டோபரிலும் ‘ஆன்டிக் ஆட்டோமொபைல் கிளப் ஆஃப் அமெரிக்கா’ நடத்தும் பழைய வாகனத் திருவிழாவை ஒட்டி, உதிரி பாகச் சந்தை ஒன்று மைதானம் மைதானமாக விரியும். துருப்பிடித்த ஹெட்லைட் வளையம் முதல் முழு இன்ஜின் வரை அங்கே வராத பொருள் குறைவு. அந்தத் தகட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடை கடையாகக் காட்டினேன். பல இடங்களில் அதே கேள்வி, அதே பதில், அதே தலையசைப்பு. பிறகு பம்புகளும் கேஸ்கட்டுகளும் மட்டுமே பரப்பி வைத்திருந்த ஒரு பெரியவரின் மேசைக்கு வந்தேன். முழு வாழ்நாளையும் இன்ஜின் பட்டறையில் கழித்தவர் என்பது அவர் தகட்டை வாங்கிய விதத்திலேயே தெரிந்தது; முகத்தைப் பார்ப்பதற்கு முன் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

அவர் வருடத்தைக் கேட்கவில்லை. “இது எவற்றுக்கு நடுவில் இருந்தது?” என்று கேட்டார். பம்புக்கும் பிளாக்குக்கும் நடுவில் என்றேன். “பம்ப் எந்த முகத்தில்?” என்றார். காட்டினேன். மேசைக்குப் பின்னால் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டிருந்த காகித கேஸ்கட்டுகளில் ஒன்றை உருவி, அந்த முகத்தின் மேல் வைத்தார். துளைகள் அனைத்தும் ஒத்துப்போயின. தகட்டைத் திருப்பி அதே கேஸ்கட்டை மறுமுகத்தில் வைத்தார்; ஒரு துளைகூடச் சேரவில்லை. அதை எடுத்துவிட்டு வேறொரு கேஸ்கட்டை உருவி வைத்தார். அது சொல்லி வைத்தாற்போல் உட்கார்ந்தது. முதல் கேஸ்கட் 1954 வரையிலான பம்புக்கு உரியது என்றும், இரண்டாவது 1955-க்குப் பிந்தைய ஆறு சிலிண்டர் இன்ஜினுக்கு உரியது என்றும் சொன்னார். பிறகு, இன்ஜினின் மேல்மூடியான வால்வு கவரை எத்தனை போல்ட்டுகள் பிடித்திருக்கின்றன, அவை எங்கே இருக்கின்றன என்று கேட்டார். நான்கு, ஓரங்களில் என்றேன். “வண்டி 1951-ஆக இருக்கட்டும், இன்ஜின் 1951 இல்லை” என்று சொல்லித் தகட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

அவர் எந்தப் புத்தகத்தையும் திறக்கவில்லை. இரண்டு துண்டுக் காகித அட்டையை அளவுகோலாக வைத்து, தகடு எந்த இரண்டு பொருள்களை இணைக்கிறது என்பதை என் கண் முன்னாலேயே காட்டிவிட்டார். பெண் வீட்டையும் மாப்பிள்ளை வீட்டையும் அறிந்தால்தான் நடுவில் நிற்கும் தரகர் யாரென்று புரியும். அந்தத் தகட்டின் நிலையும் அதுதான். அதுவரை நான் சந்தித்த அத்தனை பேரும் தகட்டை வண்டியின் உறுப்பாக மட்டுமே பார்த்தார்கள். அவர் அதைத் தொடுகின்ற இரண்டு முகங்களைப் பார்த்தார். உதவி என்பதைப் பற்றி அன்றுவரை எனக்கு இருந்த எண்ணமே அந்த மேசையின் முன்னால் மாறியது. நான் பதிலைத் தேடிப் போயிருந்தேன். அவர் கேள்வியைத் திருத்திக் கொடுத்தார், பதில் அதிலிருந்து தானாக வந்தது.

பிளாக் சொன்னது

அன்று மாலையே இன்ஜினின் வலப்புறத்தில், ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு அருகே, படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டி எடுத்தேன். இரும்பில் புடைத்து நின்ற எண் 3739716. அது 1958 முதல் 1962 வரை வந்த 235 கன அங்குல இன்ஜினின் வார்ப்பு எண். தேதிக் குறியும் கிடைத்தது: சி என்ற எழுத்து, 14, 9. ஜனவரிக்கு ஏ, பிப்ரவரிக்கு பி என்று தொடங்குவதால் சி மார்ச் மாதம். கடைசி இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம் மட்டுமே. பத்தாண்டு எது என்று அது சொல்லாது. தேதிக் குறியை மட்டும் வைத்துக்கொண்டால் 1949 என்றும் வாதிடலாம், 1959 என்றும் வாதிடலாம். வார்ப்பு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டால் ஐந்து ஆண்டுகளில் எது என்று தெரியாது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் 1959 மார்ச் 14 என்ற ஒரே நாள் மிஞ்சுகிறது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உதவி கேட்பவர்களும் உதவி செய்பவர்களும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளாமல் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். புடைத்து நிற்கும் எண்ணும் குத்தப்பட்ட எண்ணும் ஒன்றல்ல. நான் கோயம்புத்தூரில் பவுண்டரிகளைப் பார்த்து வளர்ந்தவன். மணல் அச்சில் உலோகத்தை ஊற்றுவதற்கு முன்பே, அச்சு எடுக்கும் மாதிரி உருவான பேட்டர்னில் எழுத்து பதிந்திருக்கும் என்பதும், கடைசல் வேலை முடிந்த பிறகு உளியால் குத்துவது வேறு செய்தி என்பதும் சிறு வயதிலேயே தெரிந்தவை. செவ்ரோலெட் பிளாக்கில் புடைத்திருப்பது வார்ப்பு எண். டிஸ்ட்ரிபியூட்டருக்கு அருகே சமன்படுத்திய சிறு பரப்பில் குத்தியிருப்பது இன்ஜின் கூட்டப்பட்ட ஆலையையும் அதன் பயன்பாட்டையும் குறிக்கும் எண். பிந்தைய ஐம்பதுகளின் இன்ஜின்களில் அந்த வரி எஃப் என்று தொடங்கினால் ஃபிளின்ட் ஆலை, டி (T) என்று தொடங்கினால் டோனவாண்டா ஆலை. இவை இரண்டுக்கும் அப்பால் உதிரி பாகப் பட்டியலில் இருக்கும் எண் மூன்றாவது வகை. ஒரே வார்ப்பைப் பல விதமாகக் கடைந்து பல பாகங்களாக விற்கலாம் என்பதால், வார்ப்பு எண்ணைக் கொண்டுபோய்ப் பட்டியலில் தேடினால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. கிடைக்கவில்லை என்பதால் பாகம் போலி என்று பொருளில்லை.

1951 வண்டிக்கு 1959 இன்ஜின் ஏன் வந்தது என்பதை ஊகிப்பது கடினமல்ல. அரை டன் வண்டியில் முதலில் இருந்தது 216 கன அங்குல இன்ஜின். அதன் கனெக்டிங் ராடுகளில் உருக்கி ஊற்றிய பாபிட் என்னும் மென் உலோகம்தான் பேரிங். ராடின் அடியில் இருக்கும் சிறு கரண்டி எண்ணெயை அள்ளித் தெளிப்பதாலேயே அது உயவு பெற்றது. பின் ஆக்ஸில் விகிதமோ 37-க்கு 9, அதாவது 4.11. மண் சாலைக்கும் பாரத்துக்கும் அது பொருத்தம். ஆனால் 1956-க்குப் பிறகு நாடெங்கும் போடப்பட்ட விரைவுச் சாலைகளில் நீண்ட நேரம் வேகமாக ஓட்டினால் இன்ஜின் மிக அதிகச் சுற்றில் உழலும். பிந்தைய 235, எண்ணெயை அழுத்தத்தோடு பேரிங்குகளுக்கு அனுப்பியது, பேரிங்குகளும் மாற்றக்கூடியவை. எங்கோ மோதி உடைந்த ஒரு காரிலிருந்தோ லாரியிலிருந்தோ அந்த இன்ஜினை எடுத்து, ஒருவர் இந்த வண்டியில் இறக்கியிருக்கிறார். பிந்தைய இன்ஜினின் பம்ப் சற்று உயரத்தில் உட்காரும். அப்படியே விட்டால் விசிறி, பழைய வண்டியின் ரேடியேட்டர் நடுப்பகுதியை விட்டு மேலே ஏறிவிடும். பழைய பம்பையே புதிய பிளாக்கில் பொருத்தினால் விசிறி பழைய இடத்துக்கு வரும். அதற்குத்தான் தகடு. இதே வேலைக்கு ஆயத்தத் தகடுகள் விற்பனைக்கும் உண்டு. ஆனால் என்னுடையது கையால் செய்தது: துளைகளுக்கான கோடுகள் ஊசியால் கீறப்பட்டிருப்பதும், ஒவ்வொரு துளையின் ஓரத்திலும் சென்டர் பஞ்ச் தடம் எஞ்சியிருப்பதும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் தெளிவாகத் தெரிகின்றன.

இத்தோடு முடிந்துவிடவில்லை. இன்ஜின் 1959 என்று தெரிந்த பிறகு, ஸ்டார்ட்டரையும் 1959 என்று சொல்லி வாங்கலாமா? இன்ஜினின் பின்முனையில் ஸ்டார்ட்டர் கடித்துச் சுழற்றும் சக்கரமான ஃப்ளைவீலின் பற்களை எண்ணினேன். 139. வண்டியின் மின்னமைப்பு 6 வோல்ட்டிலிருந்து மாறிய பிறகான, செவ்ரோலெட்டின் 12 வோல்ட் காலத்து ஃப்ளைவீலில் 168 பற்கள் இருக்கும். 139 என்பது 6 வோல்ட் காலத்துக்கு உரியது. இன்ஜினை மாற்றியவர் பழைய கியர்பாக்ஸைத் தக்கவைத்துக்கொள்வதற்காகப் பழைய ஃப்ளைவீலையும் அதன் உறையையும் அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறார். அதாவது, இன்ஜினின் முன்முனையில் 1954 வரையிலான பம்ப், நடுவில் 1959 பிளாக், பின்முனையில் 6 வோல்ட் காலத்து ஃப்ளைவீல். ஒரே இன்ஜினுக்கு வாட்டர் பம்பும் டிஸ்ட்ரிபியூட்டரும் ஸ்டார்ட்டரும் வாங்க ஒரே ஆண்டைச் சொன்னால் போதாது. வண்டியின் வருடத்தைச் சொல்லி உதவி கேட்பது ஏன் தோற்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

இதைப் பழைய இரும்புக் கிடங்குக்காரர்கள் வெகு காலத்துக்கு முன்பே புரிந்துகொண்டிருந்தார்கள். 1934 முதல் வெளிவரும் ஹாலண்டர் மாற்றுப் பாகக் கையேடு, எந்த வண்டியின் எந்தப் பாகம் வேறு எந்தெந்த வண்டிகளில் பொருந்தும் என்பதையே பொருளாகக் கொண்டது. உற்பத்தியாளரின் பட்டியல் ஆலையிலிருந்து வெளியே வரும் முழு வண்டியைப் பார்த்து எழுதப்பட்டது. இந்தக் கையேடோ பிரித்துப் போட்ட வண்டிகளின் முற்றத்தில் நின்று எழுதப்பட்டது. எழுபது ஆண்டு உழைத்த வண்டியைப் பழுதுபார்ப்பவருக்கு இரண்டாவது பார்வையே அதிகம் உதவுகிறது என்பது என் துணிபு. தொழிற்சாலையில் பிறந்த நிலைக்கே வண்டியைத் திருப்ப விரும்புகிறவர்களை நான் மதிக்கிறேன். ஆயினும் ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில், வேற்று ஆண்டுப் பாகங்களைக் களைய வேண்டிய அழுக்காகக் கருதும் மனப்பான்மையை என்னால் ஏற்க முடிவதில்லை. என் இடப்பக்கக் கதவையும் பின் ஆக்ஸிலையும் அந்தத் தகட்டையும் யாரோ ஒருவர் யோசித்துப் பொருத்தியிருக்கிறார். அவை பொருந்தியதால்தான் இந்த வண்டி உருக்காலைக்குப் போகாமல் என் கொட்டகைக்கு வந்தது.

இப்போது நண்பர்கள் யாராவது பாகத்தின் படத்தோடு வரும்போது, அது எவற்றுக்கு நடுவில் இருந்தது என்றே முதலில் கேட்கிறேன். பிறகு எண் புடைத்திருக்கிறதா, குத்தப்பட்டிருக்கிறதா என்று கேட்கிறேன். துளைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு எவ்வளவு என்று அளக்கச் சொல்கிறேன். பல் இருந்தால் எண்ணச் சொல்கிறேன். படம் எடுக்கும்போது பாகத்தோடு ஓர் அளவுகோலை வைக்கச் சொல்கிறேன், ஏனென்றால் அளவு தெரியாத படத்தைப் பார்த்துப் பதில் சொல்வது ஊகம் மட்டுமே. வருடத்தையும் கேட்கிறேன், ஆனால் கடைசியில். சிலர் சலித்துக்கொள்கிறார்கள், பெயர் ஒன்றைச் சொன்னால் போதுமே என்கிறார்கள். அளந்துகொண்டு திரும்பி வருகிறவர்களில் பலருக்கு நான் எதுவும் சொல்லவேண்டியிருப்பதில்லை, அளக்கும்போதே அவர்களுக்கு விளங்கிவிட்டிருக்கிறது.

தகட்டைத் திரும்ப மாட்டுவதற்கு முன், அதன் விளிம்பைச் சுத்தம் செய்து, எண் உளிகளால் ஒரு பக்கம் 47-54 என்றும் மறுபக்கம் 3739716 என்றும் குத்தினேன். எந்தப் பக்கம் பம்ப் என்பதற்கு ஓர் அம்புக்குறியும் போட்டேன். இரு முகங்களுக்கும் உரிய இரண்டு கேஸ்கட்டுகளும் அந்தப் பெரியவரிடமே வாங்கியவை; ஒவ்வொன்றிலும் கூடுதலாக ஒன்று வாங்கி, எதற்கு எது என்று எழுதிய உறையில் போட்டு, வண்டியின் கையுறைப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.